வெள்ளவத்தைப் பல்லும் அமெரிக்கக் கையொப்பமும்

1979 மார்ச் 27ஆந் திகதி ஸ்ரனிஸ்லாஸின் கொப்பியில் கடைசியாக இருந்த எண் 1,146. இருபத்தொரு வருடங்களில் கொட்டாஞ்சேனையிலும் அதைச் சுற்றியும் அத்தனை சவப்பெட்டிகளுக்கு முன்னால் அவர் சக்ஸபோன் வாசித்தபடி நடந்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: எண், திகதி, இறந்தவரின் பெயர், வீதியின் பெயர். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் கிளாக்கர் அவர். எதையும் எண்ணாமல் விட்டால் நித்திரை வராது என்று மனைவி யோசெப்பின் சொல்வாள்.

அன்று காலை பத்தரை மணிக்கு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பல் வைத்தியர் அவருடைய ஆடிக்கொண்டிருந்த மேல்வாய் முன்பற்கள் நான்கையும் பிடுங்கினார்.

கொட்டாஞ்சேனையில் பல் வைத்தியர்கள் இல்லாமலில்லை. ஆனால் அவர்களுடைய வாங்கில் காத்திருப்பவர் எவரும் ஸ்ரனிஸ்லாஸை அறிந்தவராகத்தான் இருப்பார். செய்தி பிற்பகலுக்குள் பற்றிக்கின் காதுக்குப் போய்விடும். பற்றிக் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். ஸ்ரனிஸ்லாஸ் வாசிக்கும் ஏழு பேர் பாண்டின் தலைவர், ட்றம்பெற் வாசிப்பவர். பல்லுப் போனவன் பெரிய மேளத்துக்கு என்பது அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பகிடி. அதற்கு உதாரணம் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன்வரை கோர்னெற் என்ற சிறு எக்காளம் வாசித்த பேர்னாட் இப்போது பெரிய மேளம் அடிக்கிறார். அடிக்கும்போது உதட்டைக் குவித்துக்கொண்டே அடிப்பார். அது அவருக்கே தெரியாது. ஸ்ரனிஸ்லாஸ் ஒன்பது வருடங்களாக அந்த உதட்டைப் பார்த்து வந்தவர்.

இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போனதற்குக் காரணம் அதுதான். பாண்டுக்கு முதுகுப்பிடிப்பு என்று சொல்லி அனுப்பினார்.

சாவீட்டு பாண்டில் சக்ஸபோனுக்கு உள்ள வேலை என்னவென்று இங்கே சொல்லவேண்டும். வீட்டுப் படலையில் பெட்டியைத் தூக்கும்போது பாட்டுத் தொடங்கும். மாதம்பிட்டி மயானத்தின் வாசல் வரை மற்ற வாத்தியங்கள் மாறி மாறி ஓயலாம், சக்ஸபோன் ஓயக்கூடாது. சரணங்களுக்கு இடையில் மூச்சு வாங்குவதோடு சரி. ஏனென்றால் பெட்டிக்குப் பின்னால் நடக்கும் குடும்பத்தார் அந்தப் பாட்டைப் படித்துக்கொண்டு வருவார்கள். அழுகிற குரலுக்குச் சுருதி நிற்காது. முன்னால் போகிற சக்ஸபோன் ஒரு கைத்தடி போல அதைத் தாங்கிக்கொண்டு போகவேண்டும். அந்த இடம் ஸ்ரனிஸ்லாஸினுடையது. அது போனால் மேளமும் வேண்டாம், வீட்டிலேயே இருப்பேன் என்று யோசெப்பினிடம் அவர் சொல்லியிருந்தார்.

மே மாதம் கட்டுப்பல் வந்தது. மேல் அண்ணத்தில் ஒட்டும் இளஞ்சிவப்புத் தட்டு, அதில் நான்கு பற்கள். சாப்பாட்டுக்கு நல்லது, சிரிப்புக்கு நல்லது. சக்ஸபோன் வாசிப்பவர், ஊதும் முனையான மவுத்பீஸின் மேற்புறத்தில் முன்பற்களை ஊன்றி, அதன் அடியில் அதிரும் நாணல் தகடான றீட்டைக் கீழுதட்டால் தாங்குவார். ஊன்றிய பல்லே ஆடினால் எல்லாம் ஆடும். நீண்ட சுரத்தில் தட்டு மெல்லக் கிளம்பியது. சுரம் நடுங்கியது.

1,147, 1,148, 1,149. மூன்று மரண வீடுகள். மூன்றாவதிலிருந்து திரும்பும்போது பற்றிக் அவரோடு சேர்ந்து நடந்தார்.

"ஸ்ரனி, மூண்டு வீடு பாத்திட்டன். உன்ர சத்தம் நடுங்குது."

"முதுகு இன்னும் சரிவரேல்லை."

"முதுகாலயே ஊதிறனீ?"

ஸ்ரனிஸ்லாஸ் வாத்தியத்தை மற்றக் கைக்கு மாற்றினார்.

"ஓகஸ்ட் வரைக்கும் ஹியூபேட்டின்ர கிளாரினெற் முன்னுக்கு நிக்கட்டும்," என்றார் பற்றிக். "அதுமட்டும் நீ வராமல் ஆறுதல் எடு. ஓகஸ்டில கேப்பன். அப்பவும் இப்பிடியெண்டால் வேற இடம் பாப்பம்."

வேறு இடம் என்றால் எது என்று இருவருக்கும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை ஸ்ரனிஸ்லாஸ் புறக்கோட்டைக்குப் போனார். இறக்குமதி திறந்துவிடப்பட்டு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வானொலி திருத்திக்கொண்டிருந்த மாளிகாவத்தை மக்கீன் இப்போது வாத்தியச் சாமான் விற்றுக்கொண்டிருந்தார். கிற்றார் கம்பி, மேளத்தோல், மவுத் ஓர்கன். கண்ணாடிப் பெட்டியின் மேல் வழவழப்பான ஒரு விலைப்பட்டியல் புத்தகம் கிடக்கும். அதில் பதினேழாம் பக்கத்தை ஸ்ரனிஸ்லாஸ் ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்திருந்தார். தங்க முலாம் பூசிய உலோக மவுத்பீஸ். அதன் பக்கவாட்டில் ஓர் அமெரிக்க வாத்தியக்காரரின் கையொப்பம் வெட்டப்பட்டிருந்தது. தளராத, நிறைந்த, எந்த மண்டபத்தையும் நிரப்பும் நாதம் என்று கீழே எழுதியிருந்தார்கள். தளராத என்ற சொல்லில் அவருடைய கண் நின்றுவிட்டது.

"சிங்கப்பூரால எடுக்கணும்," என்றார் மக்கீன். "ஆயிரத்து எண்ணூத்தம்பது. இன்னொருக்கா கேளுங்க, ஸ்ரனி. ஆயிரத்து எண்ணூத்தம்பது."

"விளங்குது."

"இதுல பாதி சாமானுக்கு, பாதி அந்த மனுசன்ட பேருக்கு. ஒங்களுக்கு இப்ப ஈக்கிற கறுப்பு றப்பர் சாமானுக்கு என்ன கேடு?"

"பழசாப் போச்சு."

"மவுத்பீஸ் பழசாகுமா? நீங்க கடிச்சித் தின்டா தான் பழசாகும்."

அந்த நேரம் வாயைத் திறந்து தட்டைக் காட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஸ்ரனிஸ்லாஸ் உதட்டை மூடியபடி சிரித்தார். ஏப்ரலிலிருந்து அப்படித்தான் சிரித்துவந்தார்.

அந்தத் தொகை அவருடைய மூன்று மாதச் சம்பளம். யோசெப்பினுக்குச் சீட்டு விழுந்திருந்தது. காஸ் அடுப்பு வாங்குவதற்காகப் பிடித்த சீட்டு. அவள் காசை மேசையில் வைத்துவிட்டு மண்ணெண்ணெய் அடுப்பின் திரியைத் தூக்கிவிட்டாள்.

"பல்லுக்கு வெள்ளவத்தை. பல்லுக்கு முன்னால பூட்டுறதுக்கு அமெரிக்கா," என்றாள். "உங்கட வாய் எங்கட வீட்டுக்கு எப்பதான் வரும்?"

"ஓகஸ்ட் மட்டும் பொறு."

"நான் பொறுப்பன். பற்றிக் அண்ணைக்கு ஒரு சொல்லுச் சொன்னால் இந்தக் காசு மிஞ்சும்."

"சொன்னால் மேளம்."

யோசெப்பின் காசை அவர் பக்கம் தள்ளினாள். பேர்னாட்டின் உதட்டை அவளும் பார்த்திருக்கிறாள்.

ஜூலை நடுப்பகுதியில் பொருள் வந்தது. நீல வெல்வெற் பை, அதற்குள் மஞ்சள் பளபளப்பு. கையொப்பத்தின் முதலெழுத்தை மட்டும் வாசிக்கலாம். மிச்சம் வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டு போலிருந்தது. குசினிக்குள் நின்று ஒரு சுரத்தை ஊதினார். இறாக்கையில் கோப்பைகள் அதிர்ந்தன. சுரம் நடுங்கவில்லை. மறுபடி ஊதினார். நடுங்கவேயில்லை. அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"சத்தம் பெரிசுதான்," என்றாள் யோசெப்பின்.

"நிக்குதே."

"ஓம், நிக்குது."

ஏன் நின்றது என்பதை இருவரும் யோசிக்கவில்லை. கையொப்பம் வேலை செய்கிறது என்று அவர் நினைத்தார். ஆயிரத்து எண்ணூற்றைம்பது கொடுத்த எவரும் அப்படித்தான் நினைப்பார்.

ஓகஸ்ட் 2ஆந் திகதி பிறிஜெற் அக்கா காலமானார். பாண்டின் வெள்ளை உடுப்புகளைப் பதினாறு வருடமாகத் தைத்துக் கொடுத்தவர். ஸ்ரனிஸ்லாஸின் தோள் சரிந்தது என்று வலது பக்கத்தில் ஒரு மடிப்பு மேலதிகமாக வைத்துத் தைப்பார். ஒரேயொரு மகள் ஐறீன், பள்ளிக்கூட ரீச்சர். சனிக்கிழமை அடக்கம். ஸ்ரனிஸ்லாஸ் பற்றிக்கிடம் போய், முன்னுக்கு நான் நிற்கிறேன், அக்காவுக்கு நான்தான் வாசிக்கவேண்டும் என்றார். பற்றிக் அவரை ஏற இறங்கப் பார்த்து, சரி என்றார்.

படலையில் பெட்டி தூக்கப்பட்டது. ஸ்ரனிஸ்லாஸ் ஊதினார்.

அந்தச் சத்தத்தை அன்று வீதியில் நின்றவர்கள் பிறகு பலவிதமாகச் சொன்னார்கள். ஒரு கார்க்காரர் ஓரமாக நிறுத்தினார். மாடி யன்னல்கள் திறந்தன. கலியாண வீட்டு பாண்டோ என்று யாரோ கேட்டார்கள். ஹோட்டல் மண்டபத்தில், நூறு பேர் ஆடும்போது, மேளத்துக்கும் கிற்றாருக்கும் மேலாக எழும்பவேண்டும் என்று செய்யப்பட்ட பொருள் அது. வீதியில் அது அதையே செய்தது. மெல்ல வாசிக்க அவர் முயன்றார். மெல்ல வாசித்தால் சுரம் கீச்சிட்டது. பலமாக வாசித்தால் மட்டும் நின்றது. ஆகவே பலமாக வாசித்தார். நடுக்கம் இல்லை என்பது ஒன்றே அவருக்குக் கேட்டது.

மாதம்பிட்டி வீதித் திருப்பத்துக்கு வந்தபோது வலப்பக்கத்தில் ஒரு கை தெரிந்தது. ஐறீன், பெட்டிக்குப் பின்னாலிருந்து விலகி முன்னால் நடந்து வந்திருந்தாள். சக்ஸபோனின் வாய்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அங்கிள்," என்றாள். முகம் வீங்கியிருந்தது, குரல் வகுப்பறையில் கதைப்பது போல் நிதானமாக இருந்தது. "நாங்கள் படிக்கிறது எங்களுக்கே கேக்கேல்லை. அம்மாவுக்கு இது கடைசிப் பாட்டு. தயவுசெய்து நிப்பாட்டுங்கோ."

அவர் வாத்தியத்தை இறக்கினார். கிளாரினெற் பாட்டை எடுத்துக்கொண்டது. மயான வாசலுக்கு இன்னும் முக்கால் மைல் இருந்தது. அந்தத் தூரத்தை ஸ்ரனிஸ்லாஸ் கைகளைத் தொங்கவிட்டபடி நடந்தார். அப்போது பின்னாலிருந்து பெண்கள் படிப்பது அவருக்குக் கேட்டது. நான்கைந்து குரல்கள், ஒன்று அழுகையில் உடைந்துபோவது, மற்றது அதைத் தூக்கிவிடுவது. அதுவரை அவை அவருக்குக் கேட்டிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தார். திகதி, பெயர், வீதி எழுதினார். எண்ணுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டார்.

திங்கட்கிழமை வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு மக்கீனிடம் போனார்.

"வாயில வெச்ச சாமான எடுக்கேலா, ஸ்ரனி," என்றார் மக்கீன். "ஆனா என்ன நடந்த? அதச் செல்லுங்க."

நடந்ததைச் சொன்னார். மக்கீன் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, இரண்டாலும் வாசியுங்கள் என்றார். முதலில் புதியது. பிறகு, வெல்வெற் பைக்குள் கூடவே கொண்டுவந்திருந்த பழைய கறுப்பு றப்பர். மக்கீன் வாத்தியத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப கட்டின பல்லு?"

ஸ்ரனிஸ்லாஸின் காதுகள் சூடேறின. "ஆர் சொன்னது?"

"யாரு செல்லணும்? எனக்கும் கட்டுப்பல்லு தான். ஆட்டெலும்பக் கடிச்சா எனக்கும் இப்பிடித்தான் தூக்கும்." மக்கீன் பெருவிரலால் தன் மேல்தட்டைக் கீழிறக்கிக் காட்டிவிட்டு மறுபடி ஏற்றினார். "இப்ப பாருங்க. பழையது தடிப்பு. வாய அகலத் தொறக்க வேண்டி ஈக்குது. தொறந்தா தட்டு ஆடும். புதுசு மெல்லிசு, அதால ஆட்டம் கொறைய. சத்தம் பெரிசு, அதால மிச்ச ஆட்டத்த மூடுது. அந்த அமெரிக்கா மனுசன்ட கையெழுத்துக்கும் ஒங்கட சுரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"மெல்லிசுக்கா ஆயிரத்து எண்ணூத்தம்பது?"

"அன்டைக்கு பல்லக் காட்டி ஈந்தா ஒரு ரூவாயோட முடிஞ்சி ஈக்கும்."

மக்கீன் பக்கத்துச் சைக்கிள் கடைக்குப் போய், ரியூப் ஒட்டுப்போடும் றப்பர்த் துண்டும் கொஞ்சம் சொலூஷனும் வாங்கிவந்தார். பழைய மவுத்பீஸின் மேற்புறத்தில், பல் ஊன்றும் இடத்தை அரத்தாலே சற்றுத் தேய்த்துத் தாழ்த்தி, விரல் நகத்தளவு றப்பரை ஒட்டினார். காயும்வரை இருவரும் தேத்தண்ணி குடித்தார்கள். பிறகு ஸ்ரனிஸ்லாஸ் ஊதினார். பல் வழுக்கவில்லை. தட்டு கொஞ்சம் அசைந்தது. சுரமும் கொஞ்சம் அசைந்தது. முன்னையதில் பாதிகூட இல்லை.

"மிச்சம்?"

"மிச்சம் பழக்கம். அது என்ட கடையில இல்ல."

புதிய மவுத்பீஸை மக்கீன் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். காசு கொடுத்துத் திருப்பி எடுக்கமாட்டேன், யாரும் கேட்டால் விற்றுத் தருகிறேன் என்றார். மூன்றாவது வாரம் கோட்டையில் வாசிக்கும் ஒரு நடன பாண்டுக்காரர் அதை ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு அது எல்லாவகையிலும் பொருந்தியது. விலைக்கும் தகும் என்று அவர் சொன்னதாக மக்கீன் சொன்னார். சொந்தப் பல்லும் ஆடுகிற கூட்டமும் உள்ளவர் அவர்.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் ஸ்ரனிஸ்லாஸ் கடையிலிருந்து நேரே பற்றிக்கின் வீட்டுக்குப் போனார். பற்றிக் சாரத்தோடு வாசலில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரனிஸ்லாஸ் நின்றபடியே வாய்க்குள் கையை விட்டு, தட்டைக் கழற்றி, கைலேஞ்சியில் வைத்து நீட்டினார்.

பற்றிக் அதைப் பார்த்தார். பேப்பரை மடித்தார்.

"மே மாசம் தொடக்கம் தெரியும்," என்றார். "ஸ்ரனிஸ்லாஸ் எண்டு உன்ர பேரைச் சொல்லேக்கையே உனக்கு விசில் வருது."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீ சொல்லுவாயெண்டு பாத்தன். நீ முதுகு எண்டாய். சரி, முதுகு எண்டு நானும் விட்டன்." மடித்த பேப்பரை மடியில் வைத்தார். "பேர்னாட்டும் இப்பிடித்தான் நெஞ்சுநோ எண்டு சொன்னவன். நான் நம்பினன். ஒரு வருசம் போச்சு. பிறகு அவனுக்கு ஊத வாய் வரேல்லை."

ஸ்ரனிஸ்லாஸ் தட்டை மறுபடி மாட்டிக்கொள்ளும்வரை பற்றிக் வேறு பக்கம் பார்த்தார்.

"என்னை எடுப்பியா, விடுவியா?"

"நான் என்னத்தை எடுக்கிறது. ஐறீன்தானே உன்னை நிப்பாட்டினது. அவளிட்டப் போ."

ஸ்ரனிஸ்லாஸ் உடனே போகவில்லை. கிட்டத்தட்ட நான்கு வாரம், நாளுக்கு ஒரு மணித்தியாலம், றப்பர் ஒட்டிய பழைய மவுத்பீஸில் ஒரே பாட்டை வாசித்தார். பின்னேரங்களில் குசினிச் சுவருக்கு இந்தப் பக்கம் அவர் வாசிக்க, அந்தப் பக்கம் யோசெப்பின் அதைப் படிக்கவேண்டும். அவளுடைய குரல் அவருக்குக் கேட்காமற் போனால் மீண்டும் முதலிலிருந்து. அவளுக்குப் பாட வராது. அதனாலேயே அது நல்ல பயிற்சியாக இருந்தது.

செப்டெம்பர் 1ஆந் திகதி பிறிஜெற் அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவு. காலைப் பூசை முடிந்து குடும்பத்தார் கல்லறைக்கு நடந்து போவதென்று ஏற்பாடு. மாதம்பிட்டி வீதித் திருப்பத்தில் அவர்கள் வந்தபோது ஸ்ரனிஸ்லாஸ் வெள்ளை உடுப்போடு அங்கே நின்றார். பக்கத்தில், சாதாரண உடுப்பில், பற்றிக்கும் பேர்னாட்டும் நின்றார்கள்.

ஐறீன் நின்றாள். கையில் மெழுகுதிரிப் பெட்டி.

"அங்கிள், ஒருத்தரும் பாண்ட் சொல்லேல்லையே."

"இல்லை, பிள்ளை. நான்தான் கேக்க வந்தனான்." அவர் வாத்தியத்தை மார்புக்கு உயர்த்தினார். "அண்டைக்கு இதில நிப்பாட்டினது. இதிலயிருந்து வாசல்மட்டும் மிச்சம் இருக்கு. நீங்கள் படிச்சால் வாசிக்கிறன். உங்களுக்குக் கேக்காட்டி இன்னொருக்கா கையை வையுங்கோ. பிறகு நான் ஒருத்தருக்கும் வாசிக்கமாட்டன்."

அவள் வாத்தியத்தைப் பார்த்தாள். தங்கப் பளபளப்பு இருந்த இடத்தில் கறுப்பு றப்பரும், அதன்மேல் சைக்கிள் ரியூப் துண்டும்.

"இது என்னது?"

"ஒட்டுப்போட்டது. என்ர பல்லுப் பொய்ப்பல்லு."

வீதியில் நின்றுகொண்டு அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். பேர்னாட் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"சரி, நடப்பம்," என்றாள் ஐறீன்.

அவர் தொடங்கினார். முதலாவது நீண்ட சுரத்தில் ஓர் அசைவு இருந்தது; அதற்குள் பின்னால் பெண்களின் குரல்கள் வந்துவிட்டன. அவர் அவற்றுக்குக் கீழே நின்றார். லொறி ஒன்று கடந்து போனபோதுகூட அவர் சத்தத்தைக் கூட்டவில்லை. அது போகும்வரை குரல்கள் அவரை நம்பி நடந்தன. இரண்டாவது சரணத்தில் ஐறீனின் குரல் உடைந்தது. அவர் அந்தச் சுரத்தை அவள் திரும்பி வரும்வரை பிடித்திருந்தார். முக்கால் மைல். மயான வாசலில் வாத்தியத்தை இறக்கியபோது கீழுதட்டில் இரத்தம் கசிந்திருந்தது. ஐறீன் கையை வைக்கவில்லை. மெழுகுதிரிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

திரும்பும் வழியில் பேர்னாட் அவரோடு ஒட்டி நடந்தார். சிறிது தூரம் போனபிறகு கேட்டார்: "அந்த றப்பர், கோர்னெற்றுக்கும் சரிவருமே?"

"தெரியாது, அண்ணை. மக்கீனிட்டக் கேப்பம்."

பற்றிக் முன்னால் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பாராமலே சொன்னார்: "வியாழக்கிழமை நாலு மணி. ஜம்பட்டா வீதி. ஹியூபேட்டும் பக்கத்தில நிப்பான். உனக்கு முடியாட்டி அவன் எடுப்பான்."

வீட்டுக்கு வந்து, ஒரு மாதமாக வெறுமையாக இருந்த இடத்தில் ஸ்ரனிஸ்லாஸ் 1,150 என்று எழுதினார். திகதியை மாற்றவில்லை.

வியாழக்கிழமை மூன்றரைக்கே அவர் ஜம்பட்டா வீதியில் அந்தச் சாவீட்டுப் படலையில் நின்றார். பெட்டி நாலே காலுக்குத் தூக்கப்பட்டது.